த்ரொட்டில் கொன்ட்ரோலரோ, கிளீனிங்கோ, ரீமப்போ: வன்னி றோட்டுக்கு எது சரிவரும்?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இப்ப பெடியள் கனபேர் கேக்கிற கேள்வி, “அண்ணை, அக்சிலேட்டரை மிதிச்சா கார் யோசிச்சு யோசிச்சுத்தான் போகுது, இந்த த்ரொட்டில் கொன்ட்ரோலர் ஒண்டு போட்டா பிக்கப் வருமோ?” எண்டுதான். கேக்கிறதில பிழை இல்லை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, சொந்தப் பாவனைக் காருக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பக் கதவு திறந்தது, திறந்தும் வரியோட சேத்துப் பாத்தா விலை தலைசுத்தும், அதால இருக்கிற விட்ஸ், அக்குவா, வாகன் ஆரையே வைச்சு ஓட்டுறம், அதுக்கு ஏதாவது செய்து கொஞ்சம் உசார் ஏத்துவம் எண்டு யோசிக்கிறது இயல்புதானே.

என்ர முடிவை முதலே சொல்லீடுறன், பிறகு சண்டை பிடிக்கலாம். பிக்கப் இல்லை எண்டு சொல்லுற ஆக்களில முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கொன்ட்ரோலர் பெட்டி தேவையில்லை, ஊத்தை எடுக்க வேணும், இல்லாட்டி ஒரு பட்டனை ஓஃப் பண்ண வேணும். தேவைப்படுற மிச்ச ஆக்களுக்கும், எங்கட றோட்டில பெட்டியில இருக்கிற, பெடலை உசாராக்கிற ஸ்போர்ட் மோட்டை விட, பெடலைச் சொஃப்டாக்கிற ஈகோ மோட்தான் கூடப் பிரயோசனம். இது கேக்க விசரா இருக்கும், கீழ விளக்கிறன்.

இப்ப வாற காரில அக்சிலேட்டர் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையில கம்பி இல்லை. 1980களின்ட கடைசியில பிஎம்டபிள்யூவின்ட 7 சீரிஸில வந்த சாமான், 2000க்குப் பிறகு சின்னக் கார் வரைக்கும் வந்திட்டுது. பெடலில ஒரு சென்சர், அது எவ்வளவு மிதிபட்டிருக்கு எண்டதை வோல்டேஜா ஈசியூவுக்கு, அதுதான் எஞ்சினை நடத்திற கம்பியூட்டருக்கு, சொல்லும், ஈசியூ தான் யோசிச்சு எஞ்சினுக்குப் போற காத்தைத் திறந்து மூடுற த்ரொட்டில் பொடியில இருக்கிற மோட்டரைத் திருப்பும். அந்தச் சென்சர் ஒரு சிக்னல் இல்லை, இரண்டு சிக்னல் அனுப்பும். ரொயோட்டா மொடல் கனக்கில காலை எடுத்துவிட்டு நிக்கேக்க ஒரு வயரில 0.8 வோல்ட் கிட்டவும் மற்றதில 1.6 வோல்ட் கிட்டவும் இருக்கும், மிதிக்க மிதிக்க இரண்டும் சேந்து ஏறும். இரண்டுக்கும் பொருத்தம் இல்லாட்டி ஈசியூ நம்பாது, செக் எஞ்சின் லைற்றைப் போட்டுட்டு வாகனத்தை லிம்ப் மோட்டுக்குக் கொண்டு போயிடும், அதாவது வலுவைக் குறைச்சு ஊர மட்டும் விடும். இதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

கொம்பனிக்காரன் இந்தப் பெடல் மப்பை, அதாவது எவ்வளவு மிதிச்சா எவ்வளவு திறக்கோணும் எண்ட கணக்கை, வேணுமெண்டேதான் சொஃப்டா வைக்கிறான். புகை குறையோணும், எண்ணெய் மிச்சமாகோணும், கியர்பொக்ஸ் அடிபடக் கூடாது, புதுசா ஓடுறவன் தெரியாம மிதிச்சாலும் பாயக் கூடாது. அதால முதல் கால்வாசி மிதியில வாகனம் பெரிசா ஒண்டும் செய்யாது. கொன்ட்ரோலர் எண்ட பெட்டி செய்யிறது இவ்வளவுதான்: பெடலுக்கும் ஈசியூவுக்கும் நடுவில இருந்து, நீங்கள் 30 வீதம் மிதிச்சா 50, 60 எண்டு கூட்டிச் சொல்லும். தண்ணிப் பைப்பைக் கொஞ்சம் திருகினாலே கூடத் திறக்கிற மாதிரி, ஆனா தாங்கியில இருக்கிற தண்ணி அதே அளவுதான். முழுசா மிதிச்சா 100க்கு மேல ஒண்டும் இல்லை, ஒரு குதிரை வலுவும் ஏறாது.

அதால காசு செலவழிக்க முன்னம் ஒரு சோதினை செய்து பாருங்கோ. வெறும் நேர் றோட்டில, முன்னுக்குப் பின்னுக்கு ஒருத்தரும் இல்லாத நேரம், 40இல ஓடிக்கொண்டிருக்கேக்க பெடலை அடிமட்டம் வரைக்கும் மிதியுங்கோ. முழுசா மிதிக்கேக்க வாகனம் வடிவா இழுத்துக்கொண்டு போகுது, ஆனா மெல்ல மிதிக்கேக்க மட்டும் செத்த மாதிரி இருக்கு எண்டா அது மப் பிரச்சினை, கொன்ட்ரோலர் உதவும். முழுசா மிதிச்சும் இழுவை இல்லை எண்டா எந்தப் பெட்டியும் உதவாது, எயார் பில்டர், பிளக், டேர்போ, பெற்றோல் பம்ப், கியர்பொக்ஸ் எண்டு வேற இடத்திலதான் தேட வேணும். இந்த ஒரு சோதினையைச் செய்யாமக் காசைக் குடுத்துட்டு பிறகு “பெட்டி சரியில்லை” எண்டு சொல்லுற ஆக்கள்தான் கூட.

சரி, தெரிவுகளுக்கு வருவம். காசில்லாத தெரிவு பட்டன். அக்குவாவில ஈகோ மோட் பட்டனை எப்பவோ ஆரோ அமத்தி விட்டது அப்பிடியே கிடக்கும், ஈகோவில பெடலும் மந்தமாகும் ஏசியும் மந்தமாகும், அதை ஓஃப் பண்ணினாலே வித்தியாசம் காலில தெரியும். ஹைலக்ஸ் ரெவோவில சில கிரேட்டில ஈகோ எண்டும் பவர் எண்டும் இரண்டு பட்டன் இருக்கு, பவரை அமத்தினா கொன்ட்ரோலர் செய்யிற வேலையில பெரும்பங்கை அதுவே செய்யும், அதுவும் கொம்பனியே எழுதின மப். வாகன் ஆர்காரர் சொல்லுற “டிலே” கனதரம் த்ரொட்டிலே இல்லை, சந்தியில நிண்டு கிளம்பேக்க ஐடில் ஸ்டொப்பால எஞ்சின் நிண்டு திருப்பி ஸ்டார்ட் வாற நேரம் அது. ஐடில் ஸ்டொப் ஓஃப் பட்டன் டாஷ்போர்ட்டில இருக்கு, ஒருக்கா அமத்தி ஓடிப் பாத்துட்டு வந்து பிறகு கதையுங்கோ.

அடுத்தது கிளீனிங். நான் இதில கொஞ்சம் நிண்டு கதைக்கப் போறன், ஏனெண்டா எங்கட இடத்துக்கு இதுதான் முக்கியம். ஏ9 பெருந்தெரு தார்க் காப்பற்தான், பரந்தனில இருந்து முல்லைத்தீவு போற றோட்டும் திருத்தித்தான் இருக்கு, ஆனா அதில இருந்து உள்ளுக்க இறங்கினா கிரவல். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உள் றோட்டுகளில வெய்யில் காலத்தில முன்னுக்கு ஒரு டிப்பர் போனா பின்னுக்கு வாறவனுக்குக் கண் தெரியாது, அவ்வளவு செம்புழுதி. அந்தப் புழுதியைத்தான் எஞ்சின் மூச்செடுக்குது. கொம்பனிப் புத்தகத்தில எயார் பில்டர் மாத்தச் சொல்லுற கிலோமீற்றர் கணக்கு நல்ல றோட்டுக்கு எழுதினது, புழுதி றோட்டுக்கு அதே புத்தகத்தில வேற கணக்கு குறைச்சுப் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தை ஒருத்தரும் பாக்கிறதில்லை. பில்டரைக் கழட்டி மடிப்புகளை விரிச்சுப் பாருங்கோ, உள்மடிப்பில செங்கல் நிறத்தில மா மாதிரிப் படிஞ்சிருந்தா கதை முடிஞ்சுது, கொம்பிரஷரால ஊதி ஊதித் திருப்பிப் போடாம புதுசு போடுங்கோ, ஊதேக்க கடதாசியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்.

பில்டர் பெட்டியில இருந்து வாற ரப்பர் ஹோஸைக் கழட்டினா த்ரொட்டில் பொடி தெரியும், நடுவில வட்டமா ஒரு பித்தளை நிறத் தட்டு. அந்தத் தட்டு மூடி நிக்கிற விளிம்பில சுத்திவரக் கறுப்பா ஒரு வளையம் இருக்கும், விரலால தேய்ச்சா பசை மாதிரி ஒட்டும், எஞ்சின் ஒயில் ஆவி திரும்பி வந்து படிஞ்சது அது. மெல்ல மிதிக்கேக்க தட்டு கொஞ்சம்தான் திறக்கும், அந்தக் கொஞ்ச இடைவெளியைத்தான் இந்த வளையம் அடைச்சு வைச்சிருக்கு, அதாலதான் கிளம்பேக்க மந்தம், நிக்கேக்க நடுக்கம். த்ரொட்டில் பொடி கிளீனரைத் துணியில அடிச்சுத் துடைக்க வேணும், நேர உள்ளுக்குப் பீச்சி அடிச்சா மோட்டர் பக்கம், சென்சர் பக்கம் எல்லாம் போகும். தட்டைக் கையால பலமா நெருக்கித் திறக்கக் கூடாது, உள்ளுக்கு இருக்கிற பிளாஸ்ரிக் பல்லு போனா முழுப் பொடியும் மாத்தோணும். கராஜில ஆரும் பெற்றோலை ஊத்திப் பிரஷ் போட்டுத் தேய்க்க வெளிக்கிட்டா மரியாதையா “வேண்டாம் பாஸ்” எண்டு சொல்லுங்கோ, சில பொடிக்கு உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கு, அது உரிஞ்சா பிறகு முந்தினதை விட மோசம்.

துடைச்ச பிறகு ஐடில், அதாவது மிதிக்காம நிக்கேக்க எஞ்சின் சுத்துற வேகம், கொஞ்சம் ஏறி நிக்கும், பயப்பிடாதேங்கோ, ஊத்தையோட பழகின ஈசியூ திரும்பப் பழக வேணும். ரொயோட்டா, சுசுக்கி கனக்க கொஞ்ச நேரம் ஐடிலில விட்டு ஓடினாலே தானாப் பழகும், நிசானுக்கு மட்டும் ஸ்கானர் போட்டு அல்லது பெடலால ஒரு முறை வைச்சு ஐடில் லேர்னிங் செய்ய வேண்டி வரும், அதை முதலே கேட்டுட்டு வேலையைக் குடுங்கோ. உள்ளுக்குப் போற காத்தை அளக்கிற எயார் புளோ சென்சர் இருக்கிற வாகனமெண்டா அதுக்கு எண்டு தனி ஸ்பிரே இருக்கு, அந்த மெல்லிய கம்பியைத் துணியால தொடவே கூடாது. இவ்வளவுக்கும் சேத்து ஆகிற காசு ஒரு ரயரின்ட விலைக்கு வராது.

டீசல்காரருக்கு ஒரு வித்தியாசம், உங்கட வாகனத்தில வேகத்தைத் தீர்மானிக்கிறது தட்டு இல்லை, இன்ஜெக்டர் அடிக்கிற டீசல் அளவு. அதால கேடிஎச் வானிலயோ ஹைலக்ஸிலயோ தட்டைத் துடைச்சு மட்டும் பெரிசா மாறாது, புகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆரில படிஞ்ச கரி, காத்துப் போற இன்டேக்கில படிஞ்ச கரி, டேர்போ ஹோஸ் வெடிப்பு எண்டதுகளைப் பாக்கோணும்.

இப்ப பெட்டிக்கு வருவம். பேர் போனதுகள் பெடல் கொமாண்டர், ஜேர்மனியின்ட டிடிஈ பெடல்பொக்ஸ், அவுஸ்திரேலியாவின்ட அல்டிமேட்9 ஈவிசி, பிறகு ஸ்பிரின்ட் பூஸ்டர், இப்பிடிக் கொஞ்சம். பெடல் கொமாண்டர் மாதிரிச் சாமான் வெளியில 300 அமெரிக்க டொலருக்குக் கிட்ட வரும், இங்க வந்து சேரேக்க எவ்வளவு எண்டு நீங்களே யோசியுங்கோ. ஒன்லைனில வாற பேரில்லாத சீனாப் பெட்டி அதில ஒரு சின்னப் பங்கு விலைதான். வேலை செய்யிற விதம் எல்லாத்திலயும் ஒண்டு, ஈகோ, சிற்றி, ஸ்போர்ட் எண்டு மோட், ஒவ்வொண்டுக்கும் உள்ளுக்குக் கூட்டிக் குறைக்கப் படிகள், விலை கூடினதில போனில புளூடூத்தால மாத்தலாம். வாகனத்தை மிதிச்சாலும் போகாமப் பூட்டி வைக்கிற வசதியும் சிலதில இருக்கு, கராஜில விட்டுட்டு வாற ஆக்களுக்கு நல்லது.

காசு கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் வித்தியாசம் மோட்டில இல்லை, நான் பாத்த அளவில வித்தியாசம் பிளக்கிலதான். நல்லதில பிளக் கொம்பனிப் பிளக் மாதிரியே இறுக்கமா “டிக்” எண்டு பூட்டும், உள்ளுக்குப் பின் எல்லாம் ஒரே மட்டத்தில நிக்கும். மலிஞ்சதில பூட்டின பிறகும் பிடிச்சு ஆட்டினா ஆடும். கொழும்பில காப்பற் றோட்டில ஓடுறவனுக்கு அது பெரிசில்லை, கிடங்கும் கிரவலுமா இருக்கிற றோட்டில நாள் முழுக்க அதிர்ந்தா அந்த ஆட்டம் ஒரு நாளைக்கு ஒரு பின்னை விடும், மேல சொன்ன இரண்டு சிக்னல் கதை ஞாபகம் இருக்கோ, அப்ப ஈசியூ உங்களை நம்பாது. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற ஏ34இல, இரவில, இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கிற இடத்தில லிம்ப் மோட்டில ஊர்ந்துகொண்டு போறது எப்பிடி இருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதால எந்தப் பெட்டி போட்டாலும், அதைக் கழட்டிப் பழைய பிளக்கைத் திருப்பிப் பெடலில குத்துறது எப்பிடி எண்டு வீட்டு முத்தத்தில ஒருக்கா நீங்களே செய்து பழகுங்கோ, போன் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு செய்யிற வேலை, தெரிஞ்சா பத்து நிமிசம். சாவியை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் பிளக்கைக் கழட்டோணும், எஞ்சின் ஓனில கழட்டினா செக் லைற் வந்திடும்.

வயரை வடிவா மேல தூக்கிக் கட்டுங்கோ. பெடலுக்குப் பக்கத்தில தொங்கவிடுற வயர் காலில சிக்கினாலோ பெடலுக்குக் கீழ போனாலோ விபரீதம். 2009, 2010இல ரொயோட்டா உலகம் முழுக்க வாகனங்களைத் திருப்பி அழைச்சதுக்கு ஒரு காரணமே கால்மிதி பெடலில மாட்டினதுதான், ஒரு றப்பர் விரிப்பு செய்த வேலை அது.

இனி அந்த ஈகோ மோட் கதை. கிரவலில கிடங்கில விழுந்து எழும்பேக்க உங்கட கால் தானாத் துள்ளும், பெடலும் துள்ளும், ஸ்போர்ட்டில வைச்சிருந்தா அந்தத் துள்ளல் இரண்டு மடங்கா எஞ்சினுக்குப் போகும், வாகனம் இடிச்சு இடிச்சு ஓடும், பின்னுக்கு இருக்கிற அம்மாவுக்கு இடுப்பு போயிடும். மாரியில சேறாகிக் கிடக்கேக்க அதே ஸ்போர்ட் முன் ரயரைச் சுத்த விட்டுத் தோண்டிப் போடும். ஈகோவில போட்டா பெடல் கொம்பனி வைச்சதை விடச் சொஃப்டாகும், கால் துள்ளினாலும் எஞ்சின் கணக்கெடுக்காது, சேத்தில மெல்ல மெல்ல ஊர்ந்து வெளிய வரலாம். ஸ்போர்ட் எங்க நல்லது எண்டா ஏ9இல லொறியை, பஸ்ஸை முந்தேக்க, அதுவும் பகலில. இரவில வேண்டாம், லைற் இல்லாத லாண்ட் மாஸ்ரர் உழவு மெசினும் றோட்டு நடுவில படுத்திருக்கிற மாடும் எப்ப வரும் எண்டு தெரியாத இடத்தில கால் பட்டவுடன பாயிற வாகனம் ஆருக்கு வேணும்.

எண்ணெய் கூடக் குடிக்குமோ எண்டு கேப்பினம். பெட்டி குடிக்காது, கால்தான் குடிக்கும். ஆனா ஸ்போர்ட்டில போட்ட ஆள் காலை அடக்கி ஓடினதை நான் இன்னும் காணேல்லை.

சிவிடி கியர், அதாவது படிப்படியா இல்லாம வழுக்கி மாறுற ஓட்டோ கியர், இருக்கிற விட்ஸ், அக்ஸியோ ஓடுறவைக்கு இன்னொண்டு, உங்கட மந்தத்தில ஒரு பங்கு கியர்பொக்ஸின்ட குணம், மிதிச்ச உடன முதல் சத்தம் வரும் பிறகுதான் வேகம் வரும். கொன்ட்ரோலர் போட்டா சத்தம் இன்னும் முந்தி வரும், வேகம் கொஞ்சம்தான் முந்தும். டீசல் டேர்போவிலயும் அப்பிடித்தான், டேர்போ சுத்தி ஏற எடுக்கிற நேரத்தைப் பெட்டியால குறைக்க ஏலாது.

கராஜில ஸ்கானர் குத்துற ஓபிடி சொக்கட்டில குத்துற அந்தச் சின்னப் பச்சை, சிவப்புச் சாமான், “35 வீதம் பவர் கூடும்” எண்டு விக்கிறது, அதைப் பற்றி ரெண்டு வரி போதும். 2017இல ஆராய்ச்சியாளர் அப்பிடி ஒண்டை உடைச்சுப் பாத்து எழுதினவை, வாகனத்தின்ட கம்பியூட்டரோட கதைக்கிறதுக்குத் தேவையான சிப்பே உள்ளுக்கு இல்லை, லைற் மின்னுறதுக்கு மட்டும்தான் சேர்கிட். அதுக்குக் குடுக்கிற காசுக்கு பிளேன்ரீ குடிக்கலாம்.

ரீமப் வேற விளையாட்டு. அது பெடல் கதையை மட்டும் மாத்திறதில்லை, எஞ்சினுக்குப் போற எண்ணெய், பற்ற வைக்கிற நேரம், டேர்போ அமுக்கம் எண்டு ஈசியூக்குள்ள இருக்கிற மப்பையே திருப்பி எழுதும், அதாலதான் உண்மையா வலு கூடுறது இதில மட்டும். ஆனா ஆருக்கு? டேர்போ டீசலுக்கு. டேர்போ இல்லாத 1000 சிசி பெற்றோல் காருக்கு ரீமப் அடிச்சு வாற வலு காலில தெரியாது, அந்தக் காசை ரயருக்குப் போடுங்கோ. 95 ஒக்டேன் பெற்றோலுக்கு எண்டு எழுதின மப்பைப் போட்டுட்டு 92 அடிச்சா எஞ்சின் நொக் அடிக்கும், உள்ளுக்குத் தட்டுற சத்தம் வரும், அதையும் யோசிக்கோணும். நல்லாத் தெரிஞ்ச ஆக்களிட்டச் செய்யிறதெண்டா அனேகமாக் கொழும்புப் பக்கம் போகோணும், கிளிநொச்சியில இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல, ஏதும் பிழைச்சா திருப்பியும் அதே ஓட்டம். டீசலில கூடப் போட்டு எழுதினா கறுப்புப் புகை வரும், வருசா வருசம் ரெவனியூ லைசன்ஸுக்கு எமிஷன் எண்ட புகைச் சோதினைக்குப் போக வேண்டிய நாட்டில அது தலையிடி. செய்யிறதெண்டா பழைய மப்பின்ட கொப்பியை உங்கட கையில வாங்கி வைச்சிருங்கோ, தரமாட்டன் எண்டு சொல்லுறவனிட்ட வாகனத்தைக் குடுக்காதேங்கோ.

ஆர் ஆருக்கு எது எண்டு கேட்டா, பள்ளிக்கூடம், கந்தோர் எண்டு விட்ஸிலயும் அக்குவாவிலயும் போய்வாற ஆக்கள் பில்டர், த்ரொட்டில் பொடி, ஈகோ பட்டன், இதோட நிப்பாட்டலாம். ஓட்டோ கியர் ஹைலக்ஸில சைற்றுக்கும் ரவுணுக்கும் மாறி மாறி ஓடுற ஆக்களுக்கு, பவர் பட்டன் இல்லாத மொடலெண்டா, நல்ல கொன்ட்ரோலர் ஒண்டு நான் ஓம் எண்டு சொல்லுவன், ஏனெண்டா கிரவலுக்கு ஒரு மோட், காப்பற்றுக்கு ஒரு மோட் எண்டு உண்மையா மாத்திப் பாவிப்பினம். பாரம் ஏத்தி வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஓடுற டேர்போ டீசல்காரர் ரீமப்பை யோசிக்கலாம், கியர்பொக்ஸ், கிளச் நல்ல நிலையில இருந்தா மட்டும். டொல்பின் வான்காரர் தயவுசெய்து காசைப் பையில வைச்சிருங்கோ, உங்கட பெடலில கம்பிக் கேபிள், கொன்ட்ரோலர் குத்த இடமே இல்லை, கேபிள் தளர்ந்திருந்தா இறுக்கி விட்டாச் சரி.

கடைசியா, செக்கன்ட் ஹாண்டில பெட்டி வாங்கிறவை கனபேர் இருக்கினம், விலை பாதியா வாறதால. பெட்டிக்குப் பின்னால இருக்கிற ஸ்ரிக்கரில மொடல் இலக்கம் இருக்கும், அதை உங்கட வாகனத்தின்ட வருசத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ, பிளக் உருவம் ஒண்டா இருந்தும் உள்வயர் ஒழுங்கு மாறின சாமான் இருக்கு, பூட்டுப்படுது எண்டதால பொருந்தும் எண்டில்லை. பின்னில பச்சை பிடிச்சிருந்தா விடுங்கோ. வாங்க முன்னம் உங்கட வாகனத்தில குத்தி, எல்லா மோட்டிலயும் நிண்ட இடத்திலயே மெல்ல மிதிச்சு ஆர்பிஎம் பாருங்கோ, பெடலை விட்ட உடன ஊசி ஐடிலுக்கு வர வேணும், ஒரு செக்கன் தொங்கி நிண்டு வந்தா அதைக் கழட்டித் திருப்பிக் குடுத்துட்டு வாங்கோ, அவர் இன்னும் ஆயிரம் குறைக்கிறன் எண்டாலும்.